190-ஆ 491-ஆ? கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் இன்ஜினியர், ஆகஸ்ட்டில் 33 முடியுது – ஆஸ்திரேலிய ஸ்டேட் நாமினேஷன் பற்றி

கடலூர்_கெமிக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்திரேலிய விசாவுக்கு மாநில நாமினேஷன் (மாநில அரசின் பரிந்துரை) வழியா விண்ணப்பிக்கப் போறேன். தொடங்குறதுக்கு முன்னாடி என் கணக்கு சரியான்னு தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லணும்.

படிப்பு: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ரெகுலரா கெமிக்கல் இன்ஜினியரிங், 2015. வேலை: 2016 ஏப்ரல் முதல் 2018 மே வரை சிப்காட்டில் ஒரு கம்பெனியில், ஆனா கான்ட்ராக்டர் பேரோலில். 2018 ஜூன் முதல் இன்னொரு கம்பெனியில் நிரந்தரம், இப்போ ஷிஃப்ட் இன்சார்ஜ். வர்ற ஜூனில் இங்கே 8 வருஷம் நிறையுது. வர்ற ஆகஸ்ட்டில் எனக்கு 33 வயசு முடியுது. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் நாலு பிரிவிலும் 7. மனைவி பி.எஸ்சி நர்சிங், புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. அவங்க இன்னும் இங்கிலீஷ் டெஸ்ட் எழுதல. 3 வயசில் ஒரு பொண்ணு.

நான் போட்ட விசாப் பாயின்ட் கணக்கு: வயசுக்கு 30, படிப்புக்கு 15, அனுபவத்துக்கு 10, ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்கு 10, மனைவி ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 6 வாங்கிட்டா 5. ஆக 70.

ஆகஸ்ட்டுக்குள்ள விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பு வரலேன்னா 5 பாயின்ட் போயிடும்னு பதற்றமா இருக்கு. கான்ட்ராக்டர்கிட்ட இருந்த ரெண்டு வருஷத்தைக் காட்டலாமா? 190 (நிரந்தர விசா) மட்டும் போடவா, 491-உம் (தற்காலிக விசா) சேர்த்துப் போடவா? எந்த மாநிலம்? இங்கே ஒரு ஏஜென்ட் நாமினேஷன் நிச்சயம்னு சொல்லி முன்பணம் கேட்கிறார். அம்மா எங்களோடதான் இருக்காங்க, அவங்களையும் விண்ணப்பத்தில் சேர்க்க முடியுமா?

---

உப்பனாறு:

தம்பி, முதல்ல ஆகஸ்ட் பற்றிய பயத்தை விடுங்க. 33 ஆனதும் வயசுப் பாயின்ட் 30-லிருந்து 25 ஆகும், அது உண்மை. ஆனா ஜூனில் உங்க நிரந்தர வேலை 8 வருஷத்தைத் தொடும். 5 முதல் 8 வருஷத்துக்குள்ள இருந்தா 10, 8 நிறைஞ்சா 15. ஒரு பக்கம் 5 போகும், இன்னொரு பக்கம் 5 வரும். ஜூன் – ஆகஸ்ட் இடையில் மட்டும் 75-ல் இருப்பீங்க, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் 70. அந்த ரெண்டு மாசத்தைக் குறிவச்சு ஓடுறதில் பலன் இல்ல, ஏன்னா ஆஸ்திரேலியாவில் நாமினேஷன் ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஜூனில் பெரும்பாலான மாநிலங்கள்ல இடம் தீர்ந்திருக்கும். ஜூலையில் புது ஒதுக்கீடு வந்து மாநிலங்கள் கதவு திறக்கச் சில மாசம் ஆகும்.

உங்க நேரத்தைப் போட வேண்டிய இடம் அந்த கான்ட்ராக்டர் காலம். அதை நிரூபிச்சுட்டா உங்க அனுபவம் இப்பவே 8 வருஷத்தைத் தாண்டும், 15 பாயின்ட் இன்னிக்கே கையில். அனுபவம் அழைப்புத் தேதிக்கு முந்தின 10 வருஷத்துக்குள்ள இருக்கணும்கிறது விதி. உங்க 2016 மாசங்கள் ஒண்ணொண்ணா அந்த எல்லையைத் தாண்டிப் போகும், ஆனா மொத்தம் 8-க்குக் கீழ இறங்காது.

நிரூபிக்கிறது எப்படி? சிப்காட்டிலும் நெய்வேலியிலும் கான்ட்ராக்டர் பேரோலில் இருந்தவங்களுக்கு இதுதான் எப்பவும் சிக்கல். வேலை செய்தது ஒரு கம்பெனியில், சம்பளம் போட்டது வேற ஒருத்தர். முதல்ல உங்க யு.ஏ.என். நம்பரில் பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்க. பழைய மெம்பர் ஐ.டி.யில் அந்தக் கான்ட்ராக்டர் பெயர் இருந்து மாசா மாசம் பணம் கட்டியிருந்தா பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்தது வங்கி ஸ்டேட்மென்ட். 2016 வரைக்கும் பின்னால போகணும்கிறதால கிளையில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கணும். சம்பளத்தில் டி.டி.எஸ். வரி பிடிச்சிருந்தா வருமான வரித் துறையின் ஃபார்ம் 26ஏ.எஸ். காட்டும். அப்புறம் வேலைச் சான்று. அதைக் கான்ட்ராக்டர் லெட்டர்ஹெட்டில் வாங்கணும். கூடவே நீங்க எந்தப் பிளான்ட்டில், யார் கீழே, என்ன வேலை பார்த்தீங்கன்னு அந்தப் பெரிய கம்பெனியின் அதிகாரி ஒருத்தர் எழுதின கடிதமும் இருந்தா வலு. கேட் பாஸ், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று மாதிரியானதெல்லாம் துணைக்கு மட்டும். அதை வச்சு மட்டும் ஒண்ணும் நடக்காது.

சம்பளத்தைக் கையில் கொடுத்தாங்க, பி.எஃப். இல்ல, பேங்க்கில் வரல என்றால் அந்த ரெண்டு வருஷத்தைக் கணக்கில் காட்டாதீங்க. இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா வேலை அனுபவத்தை மதிப்பிடும்போது கடிதத்தோட மூணாம் தரப்பு ஆதாரம் கேட்கும். அது இல்லாம எழுதின கடிதம் நிற்காது. பேக் டேட் போட்டு சேலரி ஸ்லிப் அடிச்சுத் தர்றதுக்கு ஆள் இருக்காங்க, அந்தப் பக்கமே போகாதீங்க. பொய் ஆவணம்னு தெரிஞ்சா பி.ஐ.சி. 4020 விதியில் விசா மறுப்பு, மேலே 3 வருஷத் தடை. அது குடும்பம் முழுக்கப் பாயும்.

இப்போ ஸ்கில் அசெஸ்மென்ட், அதாவது தொழில் தகுதி மதிப்பீடு. உங்க தொழில் கெமிக்கல் இன்ஜினியர், ஆன்ஸ்கோ தொழில் குறியீடு 233111, மதிப்பிடுறது இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. இன்ஜினியரிங் பட்டங்களை நாடுகள் ஒத்துக்கிற வாஷிங்டன் அக்கார்டு ஒப்பந்தத்தில் இந்தியா 2014-லிருந்து முழு உறுப்பினர். அதனால எல்லா இந்திய டிகிரிக்கும் அக்கார்டு வழி திறந்திருக்குன்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. உங்க கோர்ஸ், நீங்க முடிச்ச வருஷத்தில், என்.பி.ஏ.வின் (இந்தியாவில் கோர்ஸ்களுக்கு அங்கீகாரம் தர்ற அமைப்பு) டயர் 1 அங்கீகாரத்தில் இருந்திருக்கணும். என்.பி.ஏ. தளத்தில் கல்லூரி, கோர்ஸ், வருஷம் மூணும் பொருந்துதான்னு பாருங்க. பொருந்தலேன்னா சி.டி.ஆர். வழி.

சி.டி.ஆர். என்றால் உங்க திறனைக் காட்டுற அறிக்கை: மூணு கரியர் எபிசோடு (நீங்க செய்த வேலை பற்றிய கட்டுரை), ஒரு சம்மரி ஸ்டேட்மென்ட், ஒரு பக்கத்துக்குள்ள சி.பி.டி. (தொடர் பயிற்சி) பட்டியல். ஒவ்வொரு எபிசோடும் 1,000 முதல் 2,500 சொல். பத்திகளுக்கு 1.1, 1.2 என்று எண் போடணும், ஏன்னா சம்மரி ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு திறனுக்கும் எதிரே அந்த எண்ணைத்தான் காட்டணும். கல்லூரி புராஜெக்ட்டை ஒரு எபிசோடா வைக்கலாம்.

ஷிஃப்ட் இன்சார்ஜ்கள் தோத்துப்போறது எங்கேன்னு சொல்றேன். எபிசோடு முழுக்க "ஷிஃப்ட்டைப் பார்த்துக்கிட்டேன், 12 ஆபரேட்டர்களை மேற்பார்வை செய்தேன், உற்பத்தி இலக்கை எட்டினோம்" என்று எழுதிடுவாங்க. படிக்கிற அசெஸருக்கு அது ஆபரேட்டர் சூப்பர்வைசர் வேலையாத்தான் தெரியும். அவங்க தேடுறது நீங்க போட்ட கணக்கையும் எடுத்த முடிவையும். பேட்ச் ஈல்டு ஏன் குறைஞ்சதுன்னு மாஸ் பேலன்ஸ் போட்டுக் கண்டுபிடிச்சீங்களா, ரியாக்டர் ஜாக்கெட்டுக்கு ஹீட் பேலன்ஸ் போட்டீங்களா, சால்வென்ட் ரிகவரி காலத்தில் ரிஃப்ளக்ஸ் ரேஷியோவை எதை வச்சு மாத்தினீங்க, ஹசாப் (ஆபத்து ஆய்வு) கூட்டத்தில் எந்த டீவியேஷனுக்கு என்ன பாதுகாப்பு சொன்னீங்க, கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் சி.ஓ.டி. எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது. எண்ணோட, "நாங்கள்" இல்லாம "நான்" என்று எழுதணும். கம்பெனியின் ரகசிய டிராயிங்கை அப்படியே ஒட்டாதீங்க, தேவையான பகுதியை நீங்களே எளிமையா வரைஞ்சு போடுங்க. இணையத்தில் விற்கிற சி.டி.ஆர். மாதிரியிலிருந்து ஒரு பத்தி எடுத்தாலும் அவங்க மென்பொருள் பிடிச்சுடும். நிராகரிப்போட மறுபடி விண்ணப்பிக்கத் தடையும் வரும்.

டிகிரி மதிப்பீட்டோட "ரெலவன்ட் ஸ்கில்டு எம்ப்ளாய்மென்ட்" மதிப்பீட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிடுங்க. அது கட்டாயம் இல்ல. ஆனா அது இல்லாம போனா அனுபவப் பாயின்ட்டை விசா அதிகாரி நேரடியா எடைபோடுவார், அந்த ரிஸ்க் உங்களுக்கு வேண்டாம்.

இங்கிலீஷிலும் இடம் இருக்கு. நாலிலும் 8 வாங்கினா 10 பாயின்ட் 20 ஆகும். பி.டி.இ. என்கிற இன்னொரு ஆங்கிலத் தேர்வை எழுதுறதா இருந்தா பழைய "79 போதும்" கணக்கு இப்போ செல்லாது. 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதுற தேர்வுக்கு 20 பாயின்ட் வேணும்னா லிஸனிங் 69, ரீடிங் 70, ரைட்டிங் 85, ஸ்பீக்கிங் 88. தமிழருக்கு இன்னொரு வாசல் நாட்டி (ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பாளர் அமைப்பு) நடத்துற சி.சி.எல். தேர்வு. தமிழ் – ஆங்கிலம் இருபக்கமும் வாய்மொழி மொழிபெயர்ப்பு, ரெண்டு உரையாடல், 90-க்கு 63, ஒவ்வொண்ணிலும் 45-க்கு 29-க்குக் குறையக் கூடாது. தேறினா 5 பாயின்ட். மருத்துவமனை, வாடகை ஒப்பந்தம், நீதிமன்றம், சென்டர்லிங்க் (அரசு உதவித்தொகை அலுவலகம்) மாதிரி விஷயங்கள்தான் வரும். நாம வீட்டில் பேசும்போது பாதி இங்கிலீஷ் கலந்துடுறதால "காப்பீடு, இழப்பீடு, ஜாமீன், முன்பணம்" போன்ற சொற்கள் சட்டுன்னு வராது. அதுக்குத்தான் பயிற்சி வேணும்.

---

வில்லியனூர்வாசி:

மாநிலங்கள் பற்றிக் கேட்டதற்கு நான் சொல்கிறேன்.

190 நிரந்தர விசா, நாமினேஷனுக்கு 5 பாயின்ட். 491 "ரீஜனல்" எனப்படும் பகுதிகளில் மட்டும் இருப்பதற்கான ஐந்து ஆண்டுத் தற்காலிக விசா, நாமினேஷனுக்கு 15 பாயின்ட். உங்கள் 70 முதலாவதில் 75, இரண்டாவதில் 85. ரெண்டையும் போடுங்கள், ஆனால் தனித்தனி ஈ.ஓ.ஐ.யாக (அழைப்பு கேட்டுத் தரும் விருப்பத் தெரிவிப்பு). ஸ்கில்செலக்ட் என்ற ஆஸ்திரேலிய அரசுத் தளத்தில் ஈ.ஓ.ஐ. போடக் கட்டணம் இல்லை, ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் 2 ஆண்டு நிற்கும். ஒரே ஈ.ஓ.ஐ.யில் எல்லா மாநிலத்தையும் "எனி" என்று குறிப்பதைவிட, மாநிலத்துக்கு ஒன்றாகப் போடுவது நல்லது. இந்த மாநிலத்தில்தான் வாழ விருப்பம் என்பதை அங்கிருப்பவர் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நெருக்கடி என்று தெரிந்துகொள்ள இந்த எண்ணைப் பாருங்கள். 2025–26-இல் எட்டு மாநில, ஆட்சிப்பகுதிகளுக்கும் சேர்த்து 190-க்கு 12,850 இடம், 491-க்கு 7,500 இடம். இதில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 2,000-உம் 1,400-உம். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு 1,350-உம் 900-உம். விக்டோரியாவுக்கு 2,700-உம் 700-உம். உலகம் முழுவதிலிருந்தும், ஏற்கெனவே அங்கே படித்து வேலை பார்ப்பவர்களிடமிருந்தும் வரும் விண்ணப்பங்கள் இந்த இடங்களுக்குத்தான். பல மாநிலங்கள் அங்கேயே இருப்பவருக்கு முன்னுரிமை தரும். ஆகவே பாயின்ட் கூடினால் மட்டும் அழைப்பு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மாநிலம் தன் ஊரில் இந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டுமா, இவர் வந்தால் தங்குவாரா என்று பார்த்துத்தான் எடுக்கிறது.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் நடைமுறை வேறு. விக்டோரியா, குயின்ஸ்லாந்து ஆகியவற்றில் ஈ.ஓ.ஐ. மட்டும் போதாது, மாநிலத் தளத்தில் ஆர்.ஓ.ஐ. என்ற விருப்பப் பதிவும் போட வேண்டும். ஈ.ஓ.ஐ. போட்டுவிட்டு ஆர்.ஓ.ஐ. போடாமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய; அவர்கள் பெயர் மாநிலத்தின் பார்வைக்கே போவதில்லை. விக்டோரியாவில் ஆண்டு முடிந்தால் ஆர்.ஓ.ஐ.யும் காலாவதி, புதிதாகப் போட வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் 190-க்கு ஆர்.ஓ.ஐ. இல்லை, ஈ.ஓ.ஐ.யிலிருந்தே எடுப்பார்கள். அங்கே தொழிலை 4 இலக்கத் தொகுதியாகப் பார்ப்பார்கள். உங்களுடையது 2331, அந்த ஆண்டுப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அழைத்தால் 14 நாள்தான் அவகாசம், நீட்டிப்பு கிடையாது. மேற்கு ஆஸ்திரேலியாவும் ஈ.ஓ.ஐ.யிலிருந்து எடுக்கும், 28 நாள் தரும். அழைப்பு வந்த பிறகு ஆவணம் தேட ஆரம்பிப்பவருக்கு 14 நாள் போதவே போதாது. டாஸ்மேனியாவும் கான்பெராவும் பெரும்பாலும் அங்கே வசிப்பவர்களுக்கானவை. உங்கள் நிலையில் அவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

கெமிக்கல் இன்ஜினியருக்கு என் தேர்வு முதலில் மேற்கு ஆஸ்திரேலியா. பெர்த்துக்குத் தெற்கே க்வினானா தொழில் பகுதியில் லித்தியம் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன, அங்கே பிராசஸ் ஆட்களுக்கு வேலை உண்டு. 2019 நவம்பரில் 491 வந்தபோதே பெர்த் மாநகரம் முழுவதும் "ரீஜனல்" கணக்கில் சேர்ந்துவிட்டது, ஆகவே 491-இல் போனாலும் பெரிய நகரத்தில்தான் இருப்பீர்கள். அடிலெய்டும் அப்படியே, அந்த மாநிலத்தில் போர்ட் பிரியில் ஈய உருக்காலை இருக்கிறது. குயின்ஸ்லாந்தில் கிளாட்ஸ்டன்: எல்.என்.ஜி., அலுமினா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றும் மட்டுமே 491-க்கு வெளியே. வேலை விளம்பரங்களை இப்போதே பார்த்து, எந்த ஊரில் எந்த ஆலை எப்படிப்பட்ட ஆளைக் கேட்கிறது என்று குறித்துவையுங்கள். சில மாநிலங்கள் "ஏன் இங்கே" என்று கேட்கும், அந்த இடத்தில் கடற்கரையைப் புகழாமல் இந்தக் குறிப்புகளை எழுதுங்கள்.

491-ஐக் குறைவாக நினைக்க வேண்டாம். குழந்தையோடு போகிற உங்களுக்கு மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) உண்டு. மூன்று ஆண்டு ரீஜனல் பகுதியிலேயே வாழ்ந்து வேலை பார்த்து, மூன்று வருமான ஆண்டுக்கான வரி மதிப்பீட்டு நோட்டீஸ் இருந்தால் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போடலாம். அதற்கு இவ்வளவு சம்பாதித்திருக்க வேண்டும் என்ற கீழ்வரம்பு இல்லை, மாநிலத்திடம் திரும்பவும் நாமினேஷன் கேட்கவும் வேண்டாம். ஆனால் ரீஜனல் பகுதியிலேயே இருக்க வேண்டும் என்ற 8579-ஆம் நிபந்தனை உங்களோடு உங்கள் மனைவியையும் கட்டும். அவருக்கு மெல்போர்ன் மருத்துவமனையில் வேலை கிடைத்தாலும் போக முடியாது. அந்த மூன்று ஆண்டு முடியாமல் அங்கிருந்தே 189 (நாமினேஷன் தேவைப்படாத நிரந்தர விசா), 190-க்கு மாறிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏஜென்ட் பற்றி: நாமினேஷன் மாநில அரசு எடுக்கும் முடிவு, அதை நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியக் குடியேற்ற முகவர் என்றால் ஏழு இலக்க மாரா (முகவர் பதிவு) எண் இருக்கும். எண்ணைக் கேளுங்கள், அரசுப் பதிவேட்டில் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

---

கெடிலக்கரை:

பேப்பர் வேலை பத்தி நான் சொல்றேன், இதுல நம்ம ஊர்க்காரங்களுக்குன்னு தனிச் சிக்கல் இருக்கு.

பெயர். நம்ம பாஸ்போர்ட்டில் பாதிப் பேருக்கு சர்நேம் காலியா இருக்கும், டிகிரியில் இனிஷியல் இருக்கும், மனைவி ஆதாரில் கல்யாணத்துக்கு முந்தின இனிஷியல் இருக்கும். ஈ.ஓ.ஐ.யிலும் இம்மி அக்கவுன்ட்டிலும் (விசா விண்ணப்பத் தளம்) ஒரே பெயர் உள்ளவங்க அதை ஃபேமிலி நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் கட்டத்தைக் காலியா விடணும். அப்பா பெயரைக் கொண்டுபோய் சர்நேமில் திணிக்காதீங்க. ஐ.இ.எல்.டி.எஸ்., ஸ்கில் அசெஸ்மென்ட், ஈ.ஓ.ஐ. எல்லாத்துக்கும் பாஸ்போர்ட்தான் அடிப்படை. "ஆர். செந்தில்" என்பவரும் "செந்தில்" என்பவரும் ஒரே ஆள்தான்னு ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு அஃபிடவிட் நோட்டரி கையெழுத்தோட எடுத்து வச்சுக்கங்க. உங்களுக்கு ஒண்ணு, மனைவிக்கு ஒண்ணு.

அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டுறதுக்கான அரசுச் சான்று முத்திரை) வேணும்னு பணம் கேட்டா கொடுக்காதீங்க, ஆஸ்திரேலிய விசாவுக்கு அது தேவையில்ல. ஒரிஜினலைக் கலரில், 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் பண்ணினா போதும். தமிழில் இருக்கிற ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு சேர்க்கணும். இங்கே செய்யுறவர் நாட்டி ஆளா இருக்கணும்னு இல்ல, ஆனா அவரோட முழுப் பெயர், முகவரி, போன், தகுதி, அனுபவம் அந்தத் தாளில் இருக்கணும்.

கல்யாணம் கோயிலில் நடந்து பதிவு பண்ணாம விட்டிருந்தா இப்பவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு பண்ணிடுங்க. கடைசி நேரத்தில் ஐயர் சாட்சி, பத்திரிகைன்னு அலைய முடியாது.

போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் அலுவலகம் வழியா, கட்டணம் 500 ரூபாய். கடலூர் முகவரியில் பாஸ்போர்ட், குடியிருக்கிறது புதுச்சேரி பக்கம்னா கவனம் வேணும். ரெண்டும் வேற வேற போலீஸ். இப்போ எங்கே இருக்கீங்களோ அந்த முகவரியையும், கடைசி ஒரு வருஷத்தில் வேற இடத்தில் இருந்திருந்தா அதையும் மறைக்காம எழுதுங்க. ஆள் இல்லைன்னு ரிப்போர்ட் போயிட்டா திரும்பச் சரிபண்ண நாள் இழுக்கும். கடந்த 10 வருஷத்தில் துபாய், சவூதின்னு எங்கேயாவது மொத்தம் 12 மாசம் இருந்திருந்தா அந்த நாட்டுச் சான்றும் வேணும். மெடிக்கல் ஆஸ்திரேலிய அரசின் பட்டியலில் இருக்கிற டாக்டர்கிட்ட மட்டும்தான், சென்னையில் இருக்காங்க; எச்.ஏ.பி. ஐ.டி. (மருத்துவப் பரிசோதனைக்கான எண்) எடுத்துக்கிட்டுப் போகணும். ரெண்டையும் ரொம்ப முன்னாடியே செய்யாதீங்க, பொதுவா 12 மாசம்தான் செல்லும்.

பணம். 2025 ஜூலை முதல் 190, 491 ரெண்டுக்கும் உங்களுக்கு 4,910 ஆஸ்திரேலிய டாலர், மனைவிக்கு 2,455, குழந்தைக்கு 1,230. மொத்தம் 8,595, நம்ம பணத்தில் 5 லட்சத்துக்கு மேல. மாநிலக் கட்டணம், அசெஸ்மென்ட், டெஸ்ட் எல்லாம் இதுக்கு வெளியே. கார்டில் கட்டினா 1.4 சதவீதம் மேலே. அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளில் பணம் கட்டி விண்ணப்பத்தைப் போட்டுடணும். பலர் 59-ஆம் நாள் கார்டை எடுப்பாங்க, இன்டர்நேஷனல் லிமிட் பத்தாது, பேங்க் லீவா இருக்கும், அழைப்பு போயிடும். லிமிட்டை முன்னாடியே ஏத்தி வையுங்க.

மனைவிக்கு இங்கிலீஷ் டெஸ்ட் வேண்டாம்னு விட்டுடாதீங்க. ஃபங்ஷனல் இங்கிலீஷ் (அடிப்படை ஆங்கிலம்) காட்டலேன்னா தனியா ஏறக்குறைய 4,900 டாலர் கட்டணம். அவங்க படிச்சது இங்கிலீஷ் மீடியம்னு நர்சிங் கல்லூரியில் கடிதம் வாங்கினா அந்தக் கட்டணம் தப்பும். ஆனா அந்தக் கடிதத்துக்கு 5 பாயின்ட் கிடைக்காது, பாயின்ட்டுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் நாலிலும் 6 வேணும்.

அம்மாவைச் சேர்க்க முடியாது தம்பி. 2016 நவம்பரில் விதி மாறிடுச்சு. துணைவரும், சார்ந்திருக்கிற பிள்ளைகளும் மட்டும்தான் இப்போ குடும்பக் கணக்கு. அவங்க விசிட்டர் விசாவில் வந்து போகலாம். தனியா இருக்கப் போறாங்கன்னா யார் பார்த்துக்கிறதுன்னு இப்பவே வீட்டில் உட்கார்ந்து பேசிடுங்க. விசா கையில் வந்த பிறகு பேசினா அவங்களுக்குத்தான் கஷ்டம்.

---

கடலூர்_கெமிக்கல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பி.எஃப். பாஸ்புக் பார்த்தேன், கான்ட்ராக்டர் பெயரில் 2016 ஜூனிலிருந்து பதிவு இருக்கு, முதல் ரெண்டு மாசம் மட்டும் இல்ல. இன்னொரு சந்தேகம்: நர்ஸுக்குத்தான் அங்கே தேவை அதிகம்னு சொல்றாங்க. மனைவியை முதன்மை விண்ணப்பதாரரா வச்சுப் போட்டா சீக்கிரம் நடக்குமா? இல்லேன்னா அவங்க ஸ்கில் அசெஸ்மென்ட் வாங்கி எனக்கு 10 பாயின்ட் ஆக்கலாமா?

---

அரியாங்குப்பம்_செவிலி:

தம்பி, தேவை அதிகம்தான், ஆனா வழி நீளம். நர்ஸுக்கு ஸ்கில் அசெஸ்மென்ட் தர்றது ஆன்மாக் என்கிற அமைப்பு. இந்தியாவில் படிச்சு இந்தியாவில் மட்டுமே வேலை பார்த்தவங்க முதல்ல ஆப்ராவில் (ஆஸ்திரேலிய மருத்துவப் பணியாளர் பதிவு அமைப்பு) ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கணும். அதுக்கு அவங்க தளத்தில் செல்ஃப் செக், ஆவணச் சரிபார்ப்பு, பிறகு என்க்ளெக்ஸ் ஆர்.என். தேர்வு, அதில் தேறினா ஆஸ்கி செய்முறைத் தேர்வு. ஆஸ்கிக்கு ஆஸ்திரேலியாவுக்கு நேரில் போகணும், அதுக்கு விசிட்டர் விசா, டிக்கெட், தங்குற செலவு எல்லாம் தனி. இங்கிலீஷிலும் ஆப்ரா கேட்கிறது விசாவுக்கான 6 இல்ல. 7 வேணும், ரைட்டிங்கில் மட்டும் 6.5-க்கு இறக்கியிருக்காங்க.

அதனால உங்க 10 பாயின்ட்டுக்காக மட்டும் இதைத் தொடங்க வேண்டாம். அவங்க அங்கே போய் ரிஜிஸ்டர்டு நர்ஸா (ஆர்.என்.) வேலை செய்யணும்னா எப்படியும் இந்தப் படியெல்லாம் ஏறியே ஆகணும், அந்த நோக்கத்தோட இப்பவே தொடங்கினா நல்லது. இங்கே குழந்தையைப் பார்த்துக்க அம்மா இருக்கும்போதே என்க்ளெக்ஸ் படிச்சு முடிக்கிறது, அங்கே போய் வேலையும் குழந்தையுமா படிக்கிறதைவிட எவ்வளவோ லேசு. நீங்க முதன்மையா இருந்து 70, 75-ல் ஈ.ஓ.ஐ. போட்டுடுங்க. அவங்க ரிஜிஸ்ட்ரேஷன் முடியுறப்போ உங்களுக்கு அழைப்பு வராமலே இருந்தா அவங்க பெயரில் தனி ஈ.ஓ.ஐ. போடலாம், ரெண்டும் ஒரே நேரத்தில் இருக்கத் தடை இல்ல.

தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு இருந்து புதுச்சேரியில் வேலை பார்க்கிறாங்கன்னா, அந்தப் பதிவு இப்பவும் உயிரோட இருக்கான்னு பாருங்க. புதுப்பிக்காம விட்டவங்களுக்கு கவுன்சிலிலிருந்து குட் ஸ்டாண்டிங் (பதிவில் குறை எதுவும் இல்லைங்கிற) சான்று வாங்குறதுதான் எல்லாத்தையும் தாமதப்படுத்தும். வேலை பார்க்கிற இடத்தில் வார்டு, படுக்கை எண்ணிக்கை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்கிற விவரத்தோட அனுபவச் சான்றும் இப்பவே கேட்டு வாங்கச் சொல்லுங்க. வேலையை விட்ட பிறகு கேட்டா அந்த விவரத்தோட தரமாட்டாங்க.

---

உப்பனாறு:

பி.எஃப். இருக்கிறது நல்ல செய்தி. முதல் ரெண்டு மாசத்தை விட்டுடுங்க, 2016 ஜூனிலிருந்து மட்டும் கேளுங்க. 8 வருஷத்துக்கு அது இல்லாமலே தாராளமா வரும்.

ஈ.ஓ.ஐ. நிரப்பும்போது ஒரு விஷயம். இப்போதைய வேலைக்கு முடிவுத் தேதியைக் காலியா விட்டா கணினி மாசம் போகப் போக அனுபவத்தைத் தானே கூட்டும், வயசையும் தானே குறைக்கும். அதனால அசெஸ்மென்ட் கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஒத்துக்கிட்டாங்களோ, அந்தக் காலத்துக்கு மட்டும் "தொழிலுடன் தொடர்புடையது" என்பதற்கு ஆம் போடுங்க. விட்ட அந்த ரெண்டு மாசத்தைத் தனி வரியாப் போட்டு "இல்லை" என்று குறியுங்க. வேலை வரலாற்றில் இடைவெளி தெரியக் கூடாது, பாயின்ட்டிலும் சேரக் கூடாது. ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடி அதே கம்பெனியில் வேற பதவி இருந்திருந்தா ரெண்டையும் ஒரே வரியில் அடைக்காம பதவி வாரியாப் பிரிச்சுப் போடுங்க, கடிதத்திலும் அதே தேதிகள் இருக்கணும். அழைப்பு வந்ததும் ஈ.ஓ.ஐ. உறைஞ்சிடும், ஒரு எழுத்தை மாத்த முடியாது. அதில் கேட்ட பாயின்ட்டை நிரூபிக்க முடியாம அழைப்பு வந்த பாயின்ட்டுக்குக் கீழே இறங்கினா விசா மறுப்புதான், கட்டின பணமும் திரும்பாது.

முதல்ல கம்பெனி எச்.ஆர்.கிட்ட கடிதத்துக்கு எழுதிக் கொடுங்க. பல இடங்கள்ல பதவியும் தேதியும் மட்டும் போட்ட சான்றுதான் தருவாங்க. அப்படின்னா அதை வாங்கிக்கிட்டு, வேலை விவரத்தை உங்க பிளான்ட் மேனேஜர்கிட்ட லெட்டர்ஹெட்டில் தனியாக் கேளுங்க. அவர் பதவி, கம்பெனி மின்னஞ்சல், போன் நம்பர் மூணும் அதில் இருக்கட்டும். இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்னு அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வையுங்க.